மங்கு உடையாத மாலை

அப்பா "நிதானம்" என்ற சொல்லை எதற்கெல்லாம் சொல்வார் என்று ஒருமுறை பட்டியல் போட்டிருக்கிறேன். சூடான தேநீர் குடிக்க, மீன் முள் எடுக்க, பரீட்சை எழுத, நாயைக் கடந்து போக. அவர் எதையும் நிதானமாகச் செய்ததாக நினைவில்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அம்மா எப்படியாவது கார் ஓட்டிவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஓர் அவசரம் வந்தது. மலேசியாவில், குருணுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். லைசென்ஸ் பரீட்சையில் மேட்டில் காரை நிறுத்தி எடுக்க முடியாமல் அம்மா இரண்டு முறை தோற்றிருந்தார். அப்பாவே வாத்தியாரானார். தினமும் சாயங்காலம் தோட்டத்து மேட்டில் காரை நிறுத்தி, பின்சக்கரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, ரப்பர் பால் பிடிக்கும் பீங்கான் மங்கு ஒன்றை வைப்பார். கார் பின்னால் உருண்டால் மங்கு நொறுங்கும். உடைந்த மங்குகளின் கணக்கு எழுதுவது என் வேலை. திங்கள் நான்கு. செவ்வாய் மூன்று.

"நிதானம்! நிதானம்லா!" அந்தக் கத்தல் கோயில் வரை கேட்கும்.

"மொதல்ல நீங்க நிதானமா பேசுங்க" என்பார் அம்மா.

வெள்ளிக்கிழமை மங்கு உடையும் சத்தமே வரவில்லை. கிளச்சிலேயே அம்மா காரை மேட்டில் பிடித்து வைத்திருந்தார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கில் வைப்பதற்குள் கார் உருண்டுவிடும்; அந்தக் காரில் கைப்பிரேக் பேருக்குத்தான்.

"பாப்பா, ஒடஞ்சிருச்சா?"

சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்த எனக்குக் குறும்பு. "நீங்களே வந்து பாருங்கப்பா!"

அப்பா இறங்கி வந்தார். வெயில் இன்னும் இருந்தது. மங்கு அவர் காலடியில் பளிச்சென்று கிடந்தது. ஆனாலும் அது கண்ணில் படாதவர்போல் சக்கரத்துக்குப் பின்னால் மண்டியிட்டு, தரையைத் தடவித் தடவித் தேடினார். விளையாடுகிறார் என்று சிரித்தேன்.

"பாப்பா." சோறு போட்டுக் கொண்டுவரச் சொல்லும் அதே குரலில் அம்மா கூப்பிட்டார். பக்கக் கண்ணாடியில் அவர் கண் எங்கள் மேலேயே இருந்தது. "அப்பா கையப் புடிச்சு ஓரமா கூட்டிட்டுப் போம்மா. மெதுவா."

கூட்டிப்போனேன். அதற்குள் அப்பாவின் விரல்கள் மங்கைக் கண்டுபிடித்திருந்தன. "ஒடையல! பாத்தியா, ஒடையல!"

அதன் பிறகுதான் கார் சரிந்தது. அவர் மண்டியிட்டிருந்த இடத்தைத் தாண்டிப்போய் நின்றது.

இன்று தொழிற்சாலையில் இயந்திரம் நின்று எல்லோரும் பதறும்போது, நான் நிதானமானவள் என்கிறார்கள். அப்பாவின் அந்தக் கத்தலை இன்னும் ஒரே ஒருமுறை கேட்டால் போதும் என்றிருக்கும் எனக்கு.

வெள்ளி, பூஜ்யம் என்று அன்று எழுதினேன். வீட்டுக்கு அம்மாதான் ஓட்டினார். பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்த அப்பா, வீடு வரும்வரை என் கையை விடவே இல்லை. மங்கு உடையாத சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.