தானாக இறங்கிய கொத்துக் கலப்பை

என் அக்காள் புருஷன் மாரப்பனுக்கு மாட்டு வண்டியைப் பற்றித் தெரியாதது இல்லை. வந்த வினையே அதுதான். மீசை முளைத்த நாளிலிருந்து தருமபுரிச் சந்தைக்குப் பாரம் ஓட்டியவர். எழுபதாம் வருஷ வாக்கில் அதியமான்கோட்டை நிலக்காரர் பச்சியப்பன் ஒரு பழைய டிராக்டரை வாங்கி, மாமாவை டிரைவர் ஆக்கினார். அன்றிலிருந்து மாமாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஏரைப் பெண்கள் தொடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமா அதை டிராக்டருக்கும் சேர்த்துவிட்டார். நானும் அக்காள் ராமக்காளும் அதில் ஏறக்கூடாது. ஆனால் பின்னால் தூக்கி நிறுத்திய கொத்துக் கலப்பைக்கு அடியில் குந்தி, கொழுவில் சுற்றிய அறுகம்புல்லைப் பிடுங்கலாம். அதில் மட்டும் தீட்டு இல்லை பாருங்கள்!

அந்த ஆடியில், எண்ணெய் அழுத்தத்தில் கலப்பையைத் தூக்கும் ஐட்ராலிக் கெட்டது. தூக்கி நிறுத்திய கலப்பை, இஞ்சினை அணைத்தால் தானாக இறங்கியது. சாயங்காலம் தூக்கி விட்டுப் போனால் விடியும்போது தரையில் கிடந்தது. டவுன் மெக்கானிக் வந்து பார்த்தார். "உள்ளார ரப்பர் வளையம் தேஞ்சு போச்சுங்க. பிரிச்சுத்தான் மாத்தணும்" என்றார். மழை ஈரம் காய்வதற்குள் உழவு முடியட்டும் என்றார் பச்சியப்பன்.

மாமா ஐட்ராலிக் எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "தண்ணியாட்டம் இருக்குது. இது எப்பிடித் தாங்கும்?" என்றார். வண்டி அச்சுக்குப் போடும் விளக்கெண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றினார். மறுநாள் காலைக் குளிரில் கலப்பை அசையாமல் நின்றது. மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

உச்சிவெயில் நேரம். காலையிலிருந்து ஓடிய இஞ்சின் சூட்டில் விளக்கெண்ணெயும் தண்ணீராய் இளகிக் கிடந்தது. மாமா கலப்பையைத் தூக்கி இஞ்சினை அணைத்தார். ராமக்காள் அடியில் போகவில்லை.

"கட்டை ஒண்ணு முட்டுக் குடுங்க. அப்புறம் வர்றேன்."

"என் வேலை மேல நம்பிக்கை இல்லியா உனக்கு?" மாமாவுக்கு முகம் சிவந்தது. தானே குந்தி, கொழுவுக்கு அடியில் கையை விட்டுப் புல்லை இழுத்தார். எங்களுக்குப் பாடம் கற்பிக்கிறாராம்.

சத்தமே இல்லை. கொழு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. எங்களைத் திட்டும் மும்முரத்தில் அவர் பார்க்கவில்லை. நான் கத்துவதற்குள் அவர் விரல்கள் கொழு முனைக்கும் தரையில் கிடந்த கல்லுக்கும் நடுவில் மாட்டிவிட்டன.

டிராக்டர் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அதற்கடியில் கிடந்தார். நானும் அக்காளும் கலப்பையைத் தூக்கிப் பார்த்தோம், அசையவில்லை. இஞ்சின் ஓடினால்தான் அது எழும். அக்காள் படியில் கால் வைத்தாள்.

"ஏறாதடி! ஏ புள்ள, நீ ஓடு. ஆம்பளை யாரையாச்சும் கூட்டியா!"

சேலம் ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டது. கூப்பிடு தூரத்தில் ஆளில்லை. கலப்பை இன்னும் அழுந்திக்கொண்டிருந்தது. நான் ஓடப் பார்த்தேன். அக்காள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆளு வர்றதுக்குள்ள கையே போயிரும். எதைத் திருகணும், சொல்லுங்க!"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. வலி பொறுக்க முடியாமல் போனபோதுதான் வாய் திறந்தார்.

"சாவியத் திருகிட்டு... பக்கத்துல குமிழ அமுக்கு..."

இஞ்சின் உறுமியது. கலப்பை எழுந்தது. நான் மாமாவை வெளியே இழுத்தேன். சுட்டுவிரலும் நடுவிரலும் வரவில்லை.

மறுநாள் பச்சியப்பன் வீட்டில் டிராக்டருக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், பொம்பளை ஏறிவிட்டாள் என்று. தருமபுரி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த மாமா, கஞ்சி கொண்டுபோன அக்காளிடம் முதலில் கேட்டது அதைத்தான்.

"வண்டியக் கழுவுனாங்களா?"

"கழுவிட்டாங்க" என்றாள் அக்காள். "உங்க ரெண்டு வெரலுதானுங்க இன்னும் உழவுச் சால்லயே கெடக்குது."