அரிசி நிறைஞ்சிருக்கு

எண்பதுகளின் நடுவில், மழை ஏமாற்றிய ஒரு வருஷத்தின் சித்திரை மாதம். விழுப்புரத்திலிருந்து காணை போகிற சாலையில், உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். அந்தத் தெருப் பெண்கள் சிலர் இன்றைக்கும் இருக்கிறார்கள். பெயரைப் போட்டால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகாத வயது. திண்டிவனத்தில் அப்பாவுக்குப் பழைய பேப்பர் கடை. பள்ளி இறுதி வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆனால் கடைக்கு வருகிற இங்கிலீஷ் பத்திரிகைகள், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலைக்குப் பொட்டலம் ஆவதற்குள் அவற்றை வாசித்து முடித்துவிடுவேன். "பொட்டலத்துக்குப் பாடம் நடத்துறா பாரு" என்று தெருவில் கிண்டல் செய்வார்கள். அப்படி வந்த இங்கிலீஷ் அது. வாசிக்க வரும், பேசும்போது காலை வாரிவிடும்.

அந்த இங்கிலீஷை நம்பித்தான் ஒரு வேலை கிடைத்தது. ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு திட்டம் கொண்டுவர இருந்தது. மழை வரும் வரை ஏரியைத் தூர் வார ஆள் கூப்பிடுவார்கள். கூலியாக அரிசி கொடுப்பார்கள். எந்த ஊருக்கு அந்த வேலை தேவை என்று பார்த்துச் சொல்ல ஒரு வெள்ளைக்கார நிபுணர் வந்திருந்தார். பஞ்சம், முதுமை, நோய் என்று வந்தால் ஜனங்களை விழாமல் தாங்குவது எப்படி என்று பல நாடுகளில் ஆராய்ச்சி செய்தவர். இப்படி ஒரு உத்தியோகம் உலகத்தில் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அம்மா கேட்டுவிட்டு, "ஏழையா இருக்கிறதுக்கு எவனும் சம்பளம் குடுக்கல. ஏழையப் பாக்கிறதுக்கு சம்பளம் குடுக்கிறானா? போய்ட்டு வா" என்று அனுப்பி வைத்தாள்.

நிபுணரோடு டில்லியிலிருந்து ஒரு உதவியாளரும் வந்திருந்தார். தமிழர்தான். ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் டில்லி. பெண்கள் ஆம்பிளைகளிடம் வாய் திறக்கமாட்டார்கள் என்பதால் என்னை வைத்துக்கொண்டார்கள். நான் வீட்டுக்குள் போய் கேட்டு வருவேன். தெருமுனையில் ஜீப் நிழலில் நிற்கிற டில்லிக்காரரிடம் தமிழில் சொல்வேன். அவர் அதை நிபுணருக்கு நல்ல இங்கிலீஷில் சொல்வார். முதல் நாளே நிபுணர் எனக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். வீட்டுப் பெண்கள் சொன்னதைச் சொன்னபடியே சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வேலையை ஒழுங்காகச் செய்தால் மெட்ராஸ் ஆபீஸில் நிரந்தரமாகச் சேர்த்துவிடுவதாகவும் சொல்லியிருந்தார். மெட்ராஸ் ஆபீஸ், மாதச் சம்பளம். வீட்டில் அம்மா எனக்கு ஒரு தகரப் பெட்டியே வாங்கிவிட்டாள்.

அந்த ஊரில் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. மல்லாட்டை போட்டது போட்டபடி கருகியிருந்தது. நான் வீடு வீடாகப் போனேன். வீட்டில் அரிசி இருக்கிறதா என்பது முக்கியமான கேள்வி. எல்லா வீட்டிலும் ஒரே பதில்.

"நெறைஞ்சிருக்குதும்மா."

நான் போய் டில்லிக்காரரிடம், "நிறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க சார்" என்றேன். அவர் தலையாட்டினார். எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் ஆட்டினார். எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. தமிழ் பேசுகிற மனுஷனுக்கு அது புரியாமல் போகும் என்று யாருக்குத் தோன்றும்?

சாயங்காலம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஓட்டலில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். நிபுணர் அன்றைக்குப் பார்த்ததைத் தொகுத்துச் சொன்னார். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அரிசி கையிருப்பு இருக்கிறது, இந்த ஊரை விட்டுவிடலாம், நாளைக்குத் திண்டிவனம் பக்கம் போவோம் என்றார்.

என் கையிலிருந்த டபராவை வைத்துவிட்டேன்.

"சார், தப்பு சார். அங்க ஒரு வீட்டுலயும் அரிசி கிடையாது" என்று டில்லிக்காரரிடம் சொன்னேன்.

"நீங்கதானே நிறைஞ்சிருக்குன்னு சொன்னீங்க?"

"நிறைஞ்சிருக்குன்னா இல்லன்னுதான் அர்த்தம். அரிசிய இல்லன்னு எந்தப் பொம்பளையும் சொல்லமாட்டா. சொன்னா நிஜமாவே இல்லாம போய்டும்னு பயம். உங்க வீட்டுல உங்கம்மா சொன்னதில்லையா?"

"நான் சமையல்கட்டுப் பக்கம் போனதே இல்ல" என்றார், ஏதோ பட்டம் வாங்கின மாதிரி. பிறகு சிரித்தார். "அப்போ நிஜமாவே நிறைஞ்சிருந்தா என்ன சொல்வாங்க?"

"எதுக்கு சார் சொல்லணும்? மூடி வெச்சிட்டு வேலையப் பாப்பாங்க."

நிபுணர் என்னவென்று கேட்டார். டில்லிக்காரர் அரைகுறையாகச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. என் பொட்டலத்து இங்கிலீஷை அவிழ்த்தேன். இலக்கணம் எல்லாம் மேஜையில் சிதறியது, விஷயம் மட்டும் போய்ச் சேர்ந்தது. நிபுணர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளர் தன் அபிப்பிராயத்தைச் சேர்க்க ஆரம்பித்தால் ஆராய்ச்சியே கெட்டுவிடும் என்றார். அவர்கள் வாயாலேயே இல்லை என்று சொல்லட்டும், மாற்றிக்கொள்கிறேன் என்றார். அதற்கும் நேரமில்லை, நாளைக்குக் காலையில் ஜீப் திண்டிவனம் போகிறது என்றார்.

"அப்போ நான் ஜீப்பில ஏறல" என்றேன்.

டில்லிக்காரர் தணிந்த குரலில், "மெட்ராஸ் வேலைய யோசிச்சுப் பேசுங்க" என்றார். யோசித்தேன். தகரப் பெட்டி கண் முன்னால் வந்தது. அந்த ஊரில் இடுப்புக் குழந்தையோடு நின்று "நெறைஞ்சிருக்குது" என்று சொன்ன முகமும் கூடவே வந்தது. நானில்லாமல் எந்த ஊர்ப் பெண்ணும் அவர்களிடம் பேசப்போவதில்லை. அது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஏறல சார். நாளைக்குக் காலையில முதல்ல அந்த ஊரு. இல்லன்னா நீங்களே போய் கேட்டுக்குங்க."

மறுநாள் ஜீப் காணை ரோட்டில்தான் திரும்பியது. நிபுணர் வழியெல்லாம் தன் நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். டிரைவர் மட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "தங்கச்சி, இன்னிக்கு உன் கொடி பறக்குது. சாயங்காலம் இன்னா ஆவுமோ" என்றார்.

தெருவின் முதல் வீட்டில் இருந்த அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். நேற்றும் நான்தான் கேட்டேன் என்பதால் என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள். நிபுணர் இந்தத் தடவை வாசலிலேயே நின்றார். அரிசி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்.

"நெறைஞ்சிருக்குது. நேத்தே சொன்னனே. எத்தினி தபா கேப்பாரு? காது மந்தமா?"

"அக்கா, அவங்களுக்கு நம்ம பேச்சு புரியல. இல்லன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அதச் சொன்னாத்தான் ஏரி வேலை உங்க ஊருக்கு வரும்."

"இல்லன்னு சொல்லணுமா? நானா?" அவள் குரல் ஏறியது. "புருசன் புள்ளைங்க சாப்புடுற வூட்டுல நின்னுக்கினு அந்த வார்த்தைய சொல்லச் சொல்றியே, உனுக்கு நல்லா இருக்குதா பொண்ணு? என் வாயால வராது. வேலை குடுத்தா செய்றேன். குடுக்கலன்னா போவட்டும்."

"நானும் சொல்ல மாட்டேன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அதற்குள் தெருவே கூடிவிட்டது. ஒருத்தி, "சோத்துக்கு வழி கேட்டா, சாபம் வுட்டுக்கினு வாங்கிக்கோன்றாங்களே, இது இன்னா பேஜாரு" என்றாள். டில்லிக்காரர் என்னைப் பார்த்தார். பார்த்தீங்களா என்று கேட்கிற பார்வை. எனக்கு அவர்மேலும் கோபம், இந்தப் பெண்கள்மேலும் கோபம். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் வீட்டில் உலை கொதிக்கும். ஆனாலும் என் அம்மாவிடம் போய் அதைச் சொல்லச் சொல்லி நான் கேட்பேனா என்று யோசித்தேன். கேட்கமாட்டேன்.

முதல் வீட்டு அக்கா விறுவிறுவென்று உள்ளே போனாள். வெளியே வரும்போது இரண்டு கையாலும் அரிசிப் பானையை அணைத்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் குங்குமம் வைத்த பானை. அதை நிபுணர் முன்னால் இறக்கி, மூடியை எடுத்தாள்.

"கைய வுடச் சொல்லு தொரைய."

நான் அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

நிபுணர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்தார். முழங்கை வரை உள்ளே போனது. உள்ளே சுற்றிச் சுற்றித் தடவினார். கையை வெளியே எடுத்தபோது விரலில் வெள்ளையாகத் தூசி மாதிரி தவிடும், இரண்டு மூன்று நொய்யும் ஒட்டியிருந்தன. அவர் அதைத் தட்டிவிடவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நான் சொல்லலப்பா. அவரே சொல்லட்டும்" என்றாள் அக்கா.

அவ்வளவுதான். ஒருத்தியும் யாரையும் கேட்கவில்லை. ஒருத்தி பின் ஒருத்தியாக வீட்டுக்குள் போய்ப் பானையோடு வந்தார்கள். மண்பானை, அலுமினியக் குண்டான், ஒரு வீட்டில் பிஸ்கட் டின். தெரு ஓரமாக வரிசையாக இறக்கி வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் நிபுணர் கை விட்டார். பாதி வரிசை முடிந்ததும் அக்கா டில்லிக்காரர் பக்கம் திரும்பினாள்.

"நீ இன்னாத்துக்கு வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? நீ தமிழ்க்காரன்தானே சார்? நீயும் வுடு. ஜல்தி."

அவரும் விட்டார். குனிந்து, நெற்றி வேர்க்க, தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு அரிசிப் பானைக்குள் கை விட்டார் என்று நினைக்கிறேன். பிறகு அவர் சிரிக்கவே இல்லை.

வரிசை முடிந்தது. நிபுணர் என்னிடம் வந்து அந்தத் தமிழ் வார்த்தையை மறுபடி சொல்லச் சொன்னார். இரண்டு தடவை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, தவிடு ஒட்டின கையைத் தூக்கிக் காட்டி, "நெரைஞ்சிருக்கு" என்றார்.

தெருவே சிரித்தது. "பாரேன், தொரைக்கு நம்ம பேச்சு வந்துட்டுது" என்று யாரோ சொன்னார்கள். முதல் வீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மூடியை எடுத்துப் பானைமேல் வைத்தாள். "இனிமே யாரு வூட்டுக்குப் போனாலும், வாயக் கேக்காத, பானையக் கேளுன்னு சொல்லு" என்றாள். அதையும் நான் அவருக்குச் சொன்னபடியே சொன்னேன்.

அந்த ஏரியில் சீக்கிரமே மண்வெட்டி இறங்கியது. பார்க்கப் போயிருந்தேன். தலையில் மண்கூடையோடு அந்த அக்கா கரை ஏறி வந்தாள். "இன்னா பொண்ணு, தொரை கையக் கழுவினாரா, இல்ல அப்படியே ஊருக்கு எடுத்துக்கினு போய்ட்டாரா?" என்று கேட்டுவிட்டு, நிற்காமல் போய்விட்டாள்.

மெட்ராஸ் வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஊரைப் பற்றி அறிக்கையை மாற்றி எழுதின நிபுணர் என்னைப் பற்றியும் எழுதியிருந்தார். நேர்மையான பெண், ஆனால் பிடிவாதம் அதிகம், மொழிபெயர்ப்பு வேலைக்குச் சரிப்படமாட்டார் என்று. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் மொழிபெயர்ப்பாளராக ஆகவே இல்லை. வேறொரு நிறுவனத்தில் கடைசிப் படியில் சேர்ந்தேன். தபாலில் பட்டம் படித்தேன். பிறகு கேள்வி கேட்கிற பக்கமே போய் நின்றுகொண்டேன். அம்மா வாங்கின தகரப் பெட்டி மெட்ராஸைத் தாண்டி விமானம் ஏறியது. இன்றைக்கு என்னையும் நாலு பேர் சமூகப் பாதுகாப்பு நிபுணர் என்கிறார்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஊரில் இல்லை என்பதை எப்படிச் சொல்வீர்கள்? ஒரு ஊரில், நேற்று நன்றாகச் சாப்பிட்டேன் என்றார்கள். இன்னொரு ஊரில் சிரித்துவிட்டு அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு நிறைஞ்சிருக்கு இருக்கிறது.

இளைய நிபுணர்கள் இப்போது என்னிடம் வாதாடுகிறார்கள். இல்லாதவர்கள் இல்லை என்று அறிவித்தால்தானே மேடம் கொடுக்க முடியும், அதுதானே விதி என்கிறார்கள். விதியை மாற்றுங்கள் என்கிறேன். கூட்டத்தில் பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும். மனுஷரின் வாயிலிருந்து ‘இல்லை’யைப் பிடுங்கிக்கொண்டுதான் அரிசி கொடுப்பேன் என்று எந்தத் திட்டம் வந்து நின்றாலும், காணைப் பக்கத்துத் தெரு ஓரத்தில் வரிசையாக இறங்கின அந்தப் பானைகள் எனக்குள் எழுந்து நிற்கின்றன, அவற்றோடு நானும் எழுந்து நிற்கிறேன்.