கண்டாக்கு என்ற கிடா

நானுஓயா ஸ்டேஷன் வாசலில் இன்று நனைந்த ஆட்டு வாடை அடித்ததும் எனக்குப் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டில் ஒரு கிடா இருந்தது. கொழுந்து எடுப்பதை மேற்பார்க்கும் கண்டாக்கு அய்யாவைப் போலவே நிரை நிரையாக நடந்து, கழுத்தை நீட்டி, ஒவ்வொருவர் கூடையையும் எட்டிப் பார்க்கும் என்று அப்பா அதற்குக் கண்டாக்கு என்றே பெயர் வைத்துத் தொலைத்தார். ஒருநாள் சேலையை மென்றதற்காக அம்மா, "அடே கண்டாக்கு, நாசமாப் போறவனே, வெளிய வாடா!" என்று கத்த, வாசலில் நிஜக் கண்டாக்கு அய்யா நின்றிருந்தார். அவர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். அதுதான் பயமாக இருந்தது.

அன்றே ராமு என்று பெயரை மாற்றினோம். அந்தப் பெயருக்கு அது காதைக்கூட அசைக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அதைத் தேடிப் பிடிப்பது என் வேலை. "மெதுவா கூப்புடு புள்ள, அய்யா காதுல விழுந்துறப் போவுது" என்பார் அம்மா. மழை சட்டையை நனைக்க, அட்டை காலைக் கடிக்க, செடிக்குச் செடி குனிந்து, ரகசியம் சொல்வதுபோல் "கண்டாக்கு, கண்டாக்கு" என்று முணுமுணுத்தே என் சாயங்காலங்கள் பாழாய்ப் போயின.

லயம் இருந்த இடத்தில் இப்போது ஹோட்டல்காரர்களின் கார்கள் நிற்கின்றன. ஆத்திரம் தீர ஒருமுறையாவது கத்திக் கூப்பிட்டுவிட வேண்டுமென்று இன்று அங்கே போய் நின்று வாயைத் திறந்தேன்.

முணுமுணுப்புதான் வந்தது.