பெரட்டுக்குப் பொருள் தெரியாத சார்

எனக்குப் பாட வராது. கல்யாண வீட்டில் யாராவது கரோக்கே மைக்கை என் பக்கம் நீட்டினால் வயிற்று வலி என்று எழுந்து போய்விடுவேன். ஆனால் எண்ண வரும். இருபத்திரண்டு வருடமாக இடைநிலைப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். காதில் எது விழுந்தாலும் எனக்கு அது முதலில் எண்ணாகத்தான் விழும். அதனால்தான் எங்கள் பள்ளியில் இசை ஆசிரியருக்கும் கலை ஆசிரியருக்கும் தட்டுப்படாத ஒரு பெண் என்னிடம் மாட்டினாள். இதில் எனக்குப் பெருமைதான், மறைக்கப்போவதில்லை. கண்டுபிடித்த கையோடு அவளைக் கவிழ்த்ததும் நான்தான், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மலாக்கா பட்டணத்து அரசாங்கப் பள்ளி எங்களுடையது. நான்காம் படிவத்தில் கடைசி வகுப்பு என் தலையில் விழுந்திருந்தது. வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் என் வகுப்பில் எழுந்து நின்று வாய்ப்பாடு சொல்ல வேண்டும். இங்கே பிள்ளைகள் அதை சிஃபிர் என்பார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகளை சிஃபிர் சொல்ல வைப்பது அவமானம் இல்லையா என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். அவமானம்தான், அதற்காகத்தான் சொல்ல வைக்கிறேன் என்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஓய்வு நேரம் முடிந்து எல்லாரும் நாசி லெமாக் சோறு தின்ற மயக்கத்தில் இருந்த வேளை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒல்லியான பெண் ஒருத்தி வீட்டுப்பாடம் செய்யவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல் என்றேன். மலாயில் ஆரம்பித்தாள். இரண்டாவது வரியிலேயே என்னவோ செய்தாள். விடை வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, அரைத் தட்டு தள்ளி அதை வைத்தாள். பின் வரிசையில் யாரோ மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள். நான் அதட்ட வாயைத் திறந்தேன், திறந்தபடியே எண்ணத் தொடங்கிவிட்டேன். ஏழு என்ற விடைக்கு மலாயில் இரண்டே அசை. ஐம்பத்தாறுக்கு ஆறு. அந்த ஆறையும் இரண்டு இருந்த இடத்துக்குள் அடைத்துவிட்டு, அடுத்த வரியை அவள் சரியான நேரத்தில் தொட்டாள். மூச்சுக்கூட வாங்கவில்லை.

உட்கார் என்றேன். மறுபடி எழுந்திரு என்றேன். எட்டாம் வாய்ப்பாட்டையும் கேட்டேன். வகுப்புக்கே இது தண்டனையா பரிசா என்று குழப்பம். எட்டு இன்னும் நன்றாக இருந்தது. வகுப்பு முடிந்ததும், சொந்தமாக ஏதாவது எழுதுவாயா என்று கேட்டேன். தயங்கித் தயங்கிக் கைப்பேசியைக் காட்டினாள். இருபத்து மூன்று பாட்டுகள் இருந்தன. எல்லாமே தமிழ், ஆனால் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். மலாய் ஆரம்பப்பள்ளியில் படித்த பெண், தமிழ் எழுதத் தெரியாது. ராப் என்று சொல்லக்கூடக் கூச்சப்பட்டு, சும்மா பேசறது சார் என்றாள்.

மாநில அளவில் பள்ளிகளுக்கான திறன் போட்டி ஒன்று வரவிருந்தது. பள்ளிக்கு ஒரே ஒரு நிகழ்ச்சிதான் அனுப்பலாம். வழக்கமாகப் பாடகர் குழு போகும், இல்லாவிட்டால் நடனக் குழு. வெள்ளிக்கிழமை மண்டபத்தில் தேர்வு. ஆசிரியர் கூட்டத்தில் நான் இந்தப் பெண்ணைச் சொன்னதும் இரண்டு பேர் சிரித்தார்கள். ராப் எல்லாம் திறமையா, கத்துவதுதானே என்றார் ஒருவர். எத்தனை தட்டில் எத்தனை அசை என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, நான் நிறுத்தமாட்டேன் என்பது புரிந்தது. பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இது வெறும் மேடை இல்லை என்பது அடுத்த நாள்தான் தெரிந்தது. அவளுடைய அம்மா புக்கிட் ரம்பாயில் ஒரு கையுறை ஃபேக்டரியில் வேலை செய்கிறார். பள்ளிக்கு இதுவரை ஒரே ஒரு முறை வந்திருக்கிறார், மகள் மேல் புகார் என்று ஒழுங்குப் பிரிவு கூப்பிட்டதற்காக. இந்த வெள்ளிக்கிழமை மகளைக் கேட்பதற்கென்றே லீவு போட்டுவிட்டாராம். ரெண்டு வருஷத்துல மொத லீவு சார் என்று அவள் சொன்னபோது முகம் அப்படி மலர்ந்திருந்தது.

இடையில் ஒரு சடங்கு இருந்தது. மேடையேறும் பாட்டின் வரிகளை மலாயில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். தமிழாசிரியை பிரசவ விடுப்பில் இருந்தார். நான் மொழிபெயர்க்கிறேன் என்று மார்தட்டினேன். அந்தப் பெண்ணிடம் எதையும் கேட்காமல், ஒரு ஓய்வுப் பாட நேரத்தில் உட்கார்ந்து முடித்தேன். பாட்டு இப்படித் தொடங்கும்:

ஆறரைக்கு அம்மாவுக்குப் பெரட்டு,
ஏழரைக்கு எனக்கு இங்க பெரட்டு,
பேர மட்டும் கூப்புடுவான், ஆளப் பாக்க மாட்டான்,
நேரா நில்லு நேரா நில்லு, நின்னுக்கிட்டே இருக்கோம்.

கைப்பேசியில் perattu என்று இருந்தது. பாவம், எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அதைப் புரட்டு என்று படித்தேன். புரட்டு என்றால் ஏமாற்று, மோசடி. நல்ல கோபக்காரப் பாட்டு என்று எனக்கு உற்சாகம் வேறு. மலாயில் மோசடிக்கு உரிய சொல்லை, பெனிப்புவான் என்று, பதினொரு இடத்தில் அழகாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் தினம் ஒரு ஸ்கேம் செய்தி வருகிறது. அனுமதி கொடுப்பவர் மாணவர் நலத்துக்குப் பொறுப்பான துணைத் தலைமையாசிரியர், மலாய்க்கார அம்மையார். எல்லாரும் அவரைப் புவான் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கைக்குப் போன தாளில், காலை ஆறரைக்கு அம்மா மோசடிக்குப் போகிறார், ஏழரைக்கு மகள் பள்ளியில் மோசடி செய்கிறாள் என்று இருந்தது. அவர் என்ன செய்வார்? பாட்டை நிறுத்தி, பெண்ணை ஒழுங்குப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே அவளிடம், உன் அம்மா எந்தக் கும்பலில் வேலை செய்கிறார், வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அம்மாவைக் கூப்பிடுவோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் நேராக ஆசிரியர் அறைக்கு வந்தாள். அழவில்லை. வாசலில் நின்று, எல்லாரும் கேட்கும்படி கேட்டாள்.

“சார், எங்கம்மாவ ஏன் திருடின்னு எழுதுனீங்க?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீதானே புரட்டு என்று எழுதியிருக்கிறாய் என்றேன்.

“புரட்டு இல்ல சார், பெரட்டு. வேலைக்கு முன்னாடி லைன்ல நிக்க வச்சு பேர் கூப்புடுவாங்கல்ல, அது. அம்மா டெய்லி அப்புடித்தான் சொல்லும். பெரட்டுக்கு லேட்டாச்சு, பெரட்டுக்கு லேட்டாச்சுன்னு. உங்க வீட்ல யாரும் சொன்னதே இல்லையா?”

சொன்னதே இல்லை. நான் பட்டணத்தில் பிறந்தவன், அப்பாவுக்குத் துணிக்கடை. தோட்டத்துச் சொந்தம் எங்களுக்குக் கிடையாது. கிடையாது என்பதில் வீட்டில் கொஞ்சம் மிதப்பும் உண்டு. அந்தப் பெண்ணின் அம்மா சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே விடிகாலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். தோட்டம் போய், வீடு மாறி, கித்தா மரத்திலிருந்து கையுறைக்கு வந்த பிறகும் அவர் அந்தச் சொல்லைக் கூடவே கொண்டுவந்திருக்கிறார். ஃபேக்டரி வாசலில் நிற்பதும் அவருக்குப் பெரட்டு, மகள் பள்ளித் திடலில் நிற்பதும் பெரட்டு. மகள் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் வைத்துவிட்டாள். நான் அதன் மேல் மோசடியை ஊற்றினேன். வெட்கமாக இருந்தது, அவள் முன்னால் தலை நிமிரவில்லை.

நேரே புவான் அறைக்குப் போனேன். பாட்டில் தவறில்லை, மொழிபெயர்ப்பில் தவறு என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நீங்கள் தமிழர்தானே என்று கேட்டார். ஆமாம், ஆனால் இந்தத் தமிழ் எனக்குத் தெரியவில்லை என்றேன். மலாயில் அதைச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. என்ன பொருள் என்று கேட்டார். வேலைக்கு முன் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது என்றேன். ரோல்கால் என்றார் உடனே. அவருடைய அப்பாவும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவராம். தாளை என்னிடம் நீட்டிப் பதினொரு இடத்திலும் அடித்துத் திருத்தச் சொன்னார். ஒரு நிபந்தனையும் வைத்தார். இந்தத் தாளில் இருப்பதைத் தவிர மேடையில் ஒரு சொல் கூடக்கூடாது, கூடினால் பாட்டு கணக்கில் வராது. அதைப் பெண்ணிடம் அப்படியே சொன்னேன். தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை அவளுடைய அம்மா அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார். நல்ல சேலை, நெற்றியில் விபூதி. பெற்றோருக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தும் கடைசியில் போய்ச் சுவரோரம் நின்றார். நடுவர் மேசையில் புவானோடு கலை ஆசிரியரும் பெற்றோர் சங்கத்துக்காரர் ஒருவரும் இருந்தார்கள். மொழிபெயர்த்தவனும் வேண்டும் என்று என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

பாடகர் குழு நன்றாகத்தான் பாடியது. நடனமும் குறை சொல்ல முடியாது. பிறகு அந்தப் பெண் வந்தாள். பின்னணி இசையைக் கைப்பேசியில் போட்டு மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். முதல் பெரட்டு விழுந்ததும் பின்னால் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். பாதிப் பாட்டில் மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் பொருள் தெரியாமலே பெரட்டு பெரட்டு என்று கத்தினார்கள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஓரிடத்திலும் பிசகவில்லை. தாளில் இருந்த கடைசி வரியும் முடிந்தது. அவள் மைக்கை வைக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

கணக்குல எங்க சாரு கில்லாடி லா,
தமிழுல தள்ளாடி லா,
பெரட்டப் புரட்டுன்னு பொரட்டிப் போட்டு
எங்கம்மாவ ஆக்கிட்டாரு கேடி லா.

மண்டபத்தில் தமிழ் தெரிந்த பாதி கூரை பிய்ந்துவிடும்போலச் சிரித்தது. கடைசியில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரே வரியில் பெரட்டையும் புரட்டையும் பொரட்டிப் போட்டதையும் தட்டுக்கு ஒன்றாக வைத்திருந்தாள். கோபம் வருவதற்கு முன் எனக்கு மகிழ்ச்சிதான் வந்தது.

புவான் என் பக்கம் சாய்ந்தார். தாளில் இது இல்லையே, என்ன சொன்னாள் என்று கேட்டார்.

நன்றி சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். மேசையில் என்னைத் தவிரத் தமிழ் தெரிந்தவர் பெற்றோர் சங்கத்துக்காரர்தான், சிரித்துக்கொண்டிருந்த அவர் காட்டிக்கொடுக்கப்போவதில்லை. பெண்ணின் வாய்ப்பும் பிழைக்கும், என் மானமும் பிழைக்கும். ஆனால் அதுதான் அசல் புரட்டு. ஒரே வாரத்தில் அவள் பாட்டை இரண்டாவது முறை பொய்யாக்க எனக்கு மனம் வரவில்லை. திருத்திய தாளையே இழுத்து, அடியில் நாலு வரியையும் மலாயில் எழுதினேன். எங்கள் கணக்கு ஆசிரியர் கணக்கில் கெட்டிக்காரர், தமிழில் தடுமாறுகிறவர், ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டு என் தாயைக் குற்றவாளி ஆக்கினார். கையெழுத்தும் போட்டு அவர் முன் நகர்த்தினேன்.

“புவான், அனுமதி இல்லாத வரிதானே பிரச்சினை? இதோ வரி, இதோ மொழிபெயர்ப்பு. இப்போது அனுமதி கொடுங்கள்” என்றேன் மலாயில்.

அவர் இரண்டு முறை படித்தார். இதில் எழுதியிருப்பது உண்மையா என்று கேட்டார். ஒவ்வொரு சொல்லும் உண்மை என்றேன். இந்த முறை மொழிபெயர்ப்பு சரியா என்று கேட்டார். பெற்றோர் சங்கத்துக்காரரைக் கை காட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தபடி, ரொம்பச் சரி என்று சாட்சி சொன்னார். புவான் நாலு வரிக்கும் கீழே கையெழுத்துப் போட்டார். மதிப்பெண் கூட்டியபோது பாடகர் குழுவைவிட ஆறு அதிகம். கூட்டியது நான்தான், இரண்டு முறை சரிபார்த்தேன். மாநிலத்துக்கு அந்தப் பெண்தான்.

கூட்டம் கலைந்தபோது அம்மா என்னிடம் வந்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் கேட்டமாதிரியே தெரியவில்லை. சார் மேல கோவமில்லைங்க, நம்ம பேச்சு டவுன்ல யாருக்குத் தெரியும் என்றார். பிறகு மேடைப் பக்கம் பார்த்தார். அங்கே மகளைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது.

“எங்க சூப்பர்வைசர் பதிமூணு வருஷமா எம் பேரத் தப்பாத்தான் சார் கூப்புடறாரு. நானும் கையத் தூக்கிட்டு உள்ள போயிருவேன்” என்றார். “இவ தூக்க மாட்டா சார்.”