ஒரு லட்சத்து மூன்று

ஒரு மனுவை மறுத்தால் மனுதாரர் மேல்முறையீட்டுக்குப் போவார். நிறைவேற்ற முடியாத நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டால் வீட்டுக்குப் போவார். அரசுப் பணிக்காலம் முழுக்க நான் கையாண்ட இந்த நடைமுறை, எண்பதுகளின் தொடக்கத்தில், நான் ஆறாம் வகுப்புச் சிறுமியாக இருந்தபோது என்மீதே பிரயோகிக்கப்பட்டது.

அம்மாவுக்கு மதுரையில் ஆபரேஷன். நானும் வருவேன் என்று சோறு தின்னாமல் அழுதேன். கணக்கில் பி.எஸ்சி. முடித்துவிட்டு எங்கள் வீட்டிலிருந்தபடி வேலை தேடிக்கொண்டிருந்த தாய்மாமா, கருவேலங்கரியால் புழக்கடைச் சுவரில் 100003 என்று எழுதினார்.

“ஏ மருமகளே, மீதியில்லாம இதை வகுக்கிற நம்பர் ஒண்ணு சொல்லு. ஒண்ணும் இதே நம்பரும் செல்லாது. நாளைக்குப் பஸ்ஸு வாரதுக்குள்ள சொல்லிட்டா நீயும் ஏறிக்க.”

“கண்டுபிடிக்க முடியலைன்னா?”

“எம்புட்டுப் பெரிய நம்பரு! எதுவும் வகுக்காமயா போயிரும்?”

நியாயமாகத்தான் பட்டது. இரண்டு, மூன்று, ஐந்து உதவவில்லை. ஏழில் ஒன்று மிஞ்சியது. இருபத்து மூன்றில் இருபத்திரண்டு மிஞ்சியது. இன்னும் ஒன்று இருந்திருந்தால் மதுரை. ஒன்றைக் குறைத்துப் பார்த்தேன்: இரண்டு, மூன்று, ஏழு எல்லாமே வகுத்தன. ஒன்றைக் கூட்டினால் நான்கும் இருபத்து மூன்றும் வகுத்தன. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பொலபொலவென்று உதிர, நடுவில் இது மட்டும் அசையவில்லை. அழுகை எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது.

மறுநாள் காலை அம்மா புதுச்சேலையில் வந்து நின்றாள்.

“எதுலத்தா நிக்கிற?”

“நூத்தம்பத்தொண்ணு. மறைக்காதம்மா, வெளிச்சம் வரல.”

அவள் நகர்ந்துகொண்டாள். சற்று நேரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. நான் நூற்று ஐம்பத்தேழுக்குப் போயிருந்தேன்.

பஸ் போன பிறகும் விடவில்லை. முந்நூற்றுப் பதினேழால் வகுத்தபோது ஈவு முந்நூற்றுப் பதினைந்து வந்தது. வகுத்த எண்ணைவிட ஈவு சிறியது! இனி எந்தப் பெரிய எண் வகுத்தாலும், அதன் ஜோடி நான் ஏற்கெனவே அடித்துவிட்ட சிறிய எண்களில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எனவே, எதுவுமே வகுக்காது. மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சுவர்க் கணக்கை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, “அப்ப நீ தோத்துட்ட” என்றார். நானும் ஒப்புக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, அப்பாவின் தோளைப் பிடித்தபடி அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பாதியாக இளைத்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் நேரே புழக்கடைக்குப் போய்க் கரி அப்பிய சுவரைப் பார்த்தாள்.

“எதுவுமே வகுக்கலையாத்தா?”

“எதுவுமே வகுக்காதும்மா. முந்நூத்திப் பதினாறுக்கு மேல பாக்கவே வேண்டியதில்ல.”

அம்மா மாமா பக்கம் திரும்பினாள்.

“நல்ல நம்பராத்தாம்லே குடுத்திருக்க.”

அவள் கண்கள் கலங்கியிருந்தன. எண்ணைத்தான் பாராட்டுகிறாள் என்று எனக்கு ஒரே பெருமை.