சண்டை பிடிக்க ஒரு பில்டர் தேவை

போன மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கும் படலம் ஒன்று நடந்தது. மாப்பிள்ளைக்கு நாற்பது வயது இருக்கும். ஏற்கனவே கலியாணம் முடித்து இரண்டு பிள்ளைகள். என்ன, பயந்துவிட்டீர்களா? வந்தவர் வீடு கட்டும் பில்டர். நான் அவரை விசாரித்த விதம்தான் மாப்பிள்ளை பார்ப்பதுபோல.

விசயம் இதுதான். ஊரை விட்டு வந்து, மில்லிக்கனில் நாங்கள் இருக்கும் வீடு பழசு. படுக்கை அறைகள் எல்லாம் மேலே. என் மனைவி மனோ, முதியோர் இல்லத்தில் வருடக்கணக்காக நின்று நின்று வேலை செய்தவள். இப்போது முழங்கால்கள் இரண்டும் படி ஏற மறுக்கின்றன. இந்தக் குளிர்காலம் முழுக்க அவள் கீழே ஹோலில், சோபாவில்தான் நித்திரை. நான் மேலே கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தேன். வேறு யாரும் சொல்லி உங்களுக்குத் தெரியவருவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

கடைசியில், பழையதை இடித்துவிட்டு அதே காணியில் புது வீடு கட்டுவது என்று முடிவெடுத்தோம். மனோ கேட்டது ஒன்றே ஒன்று. கீழே ஒரு படுக்கை அறை, அதோடு ஒரு பாத்ரூம். "மற்றதெல்லாம் உங்கட விருப்பம்" என்றுவிட்டாள். அந்த "மற்றதெல்லாம்" என்பதற்குள் பில்டரைத் தேடும் பொறுப்பும் இருந்தது. பிழை அங்கேதான் தொடங்கியது.

பில்டரை எப்படித் தெரிவு செய்வது? மகள் போனில் பாடம் எடுத்தாள். "அப்பா, லைசன்ஸ் இருக்கா, வொறன்ரி இருக்கா, ஓன்லைன்ல ரிவியூஸ் எப்பிடி... எல்லாம் செக் பண்ணுங்கோ." நல்ல பிள்ளை. ஆனால் இங்கே பிறந்தவள். அவளுக்கு என்ன தெரியும்? நான் என்னுடைய முறையில் தொடங்கினேன்.

"தம்பி ஊரிலை எவடம்?"

பில்டர் ரவி ஊரைச் சொன்னார். ஊரில் எந்தப் பக்கம்? கோயிலுக்குக் கிழக்கா, மேற்கா? அப்பா என்ன வேலை? அம்மாவின் ஆட்கள் எவடம்? வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவருக்கு நான் "அண்ணை". தட்டில் இருந்த முதலாவது றோல்ஸைக் கடித்தபோது, இரண்டு பேரும் போன கலியாண வீடு ஒன்று அகப்பட்டது. இரண்டாவது றோல்ஸ் முடிவதற்குள், அவருடைய அப்பாவின் அம்மாவும் என்னுடைய அம்மாவும் ஒன்றுவிட்ட சகோதரிகள் என்று கண்டுபிடித்துவிட்டோம்! தேத்தண்ணி வந்தபோது நான் "சித்தப்பா" ஆகியிருந்தேன்.

"இனியென்ன, எங்கட பெடியன்" என்றேன் மனோவிடம், அவர் போன பிறகு.

"எங்கட பெடியன் எண்டது சரி. என்னத்தைக் கட்டினவர்?"

"வீட்டுக்கு வந்த பெடியனிட்டை உடன உதெல்லாம் கேக்கிறதே? நீர் சும்மா இரும்."

அன்று பின்னேரம் மகள் போன் எடுத்தாள். லைசன்ஸ் பார்த்தீர்களா என்று கேட்டாள். அவருடைய தகப்பன் அந்தக் காலத்தில் ஸ்டேசன் மாஸ்டர் என்று சொன்னேன். அவள் திரும்பவும் லைசன்ஸைப் பற்றியே கேட்டாள்.

அடுத்த கிழமை ரவி ஒரு படத்தோடு வந்தார். அழகான படம். வாசலைத் திறந்தால் இரண்டு மாடி உயரத்துக்கு ஹோல், மேலே தொங்கும் பெரிய விளக்கு, நடுவில் வளைந்து ஏறும் படி. மனோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தில் எதையோ தேடினாள்.

"தம்பி, கீழ அறை எங்க?"

"சித்தி, கீழ அறை வைச்சால் ஹோல் சின்னனாப் போடும். ஆக்கள் வந்தால் என்ன நினைப்பினம்?"

"அப்ப நான் எங்க படுக்கிறது?"

"பிறகு ஏலாமல் போனால் ஒரு லிஃப்ட் பூட்டுவம் சித்தி" என்று ரவி சிரித்தார். நானும் சிரித்தேன். "தம்பி சொல்லுறதும் சரிதான்" என்று வேறு சொன்னேன். ஏன் சொன்னேன்? மறுத்துச் சொன்னால் அவர் குறை நினைப்பார். சித்தப்பாவாகி ஒரு கிழமைதான், அதற்குள் முகத்தை முறிக்கலாமா?

மனோ படத்தைச் சுருட்டி மேசையில் வைத்துவிட்டு சோபாவில் போய் இருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அவள் கேட்டதே அந்த ஒன்றுதான். அதற்கும் நான் சிரித்துவிட்டேன்.

"இவர் கட்டின வீடு ஒண்டு பாக்கோணும்" என்றாள் அன்று இரவு. ரவியைக் கேட்டோம். அவர் சந்தோசமாக சுகந்தி வீட்டுக்கு அனுப்பினார். சுகந்தி யார்? அவருடைய தாய்வழிச் சொந்தம், அக்கா முறை. ரவி வீடு கட்டிக் கொடுத்தவர்கள் எல்லோரும் அவருக்கு ஏதோ ஒரு முறை என்பது பிறகுதான் தெரிந்தது.

சுகந்தியின் கணவர் கிச்சினைக் காட்டினார். நான் கிரனைட்டைத் தடவித் தடவிப் பாராட்டினேன். மனோ ஹோலுக்குள் ஒரு மூலையில் நின்றாள். அங்கே பெரிய சாடி ஒன்றில் செடி தளதளவென்று வளர்ந்திருந்தது. நேர் மேலே சீலிங்கில் பழுப்பாக ஒரு வட்டம்.

"மேல ஆரும் குளிச்சால் இதுக்குத் தண்ணி ஊத்தத் தேவையில்லை" என்றார் சுகந்தி, குரலைத் தாழ்த்தி.

"தம்பியிட்டைச் சொல்லேல்லையோ?"

"சொன்னனான். வந்து பாக்கிறன் எண்டவர். பிறகு எங்கட மகள் பெரியபிள்ளையாகி சாமத்திய வீடு வந்துது. முன்னுக்கு நிண்டு எல்லாம் செய்து தந்தவர். அதுக்குப் பிறகு எப்பிடியக்கா பைப்பைப் பற்றிக் கேக்கிறது?"

யோசித்துப் பார்த்தால் நாங்கள் எல்லோரும் இப்படித்தானே? பல் வைத்தியர், வீட்டுக்கடன் எடுத்துத் தரும் மோட்கேஜ் ஏஜென்ட், கார் திருத்துபவர், புது வீட்டுக் குடிபூரலுக்குச் சமைப்பவர்... எல்லோரும் "எங்கட ஆள்". எங்கட ஆள் என்றால் நம்பிக் கொடுக்கலாம். பிழை வந்தால் மட்டும் ஒன்றும் கேட்க முடியாது. கேட்டால் அடுத்த கலியாண வீட்டில் ஆளையாள் காணாததுபோல் நிற்க வேண்டிவரும். ஆகவே சீலிங் ஒழுகினால் கீழே செடி வைக்கிறோம்.

காரில் திரும்பி வரும்போது, ஸ்டீல்ஸ் வீதியில் ஒரு சிவப்பு லைட்டில் மனோ வாயைத் திறந்தாள்.

"பாவம், சுகந்திக்குச் சண்டை பிடிக்க ஆளில்லை. நான் சண்டை பிடிக்கக்கூடிய ஆள்தான் எனக்கு வேணும். ரவி வேண்டாம்."

"ஓம், சொல்லுறன்" என்றேன்.

சொன்னேனா? மூன்று நாள் தவணை வாங்கினேன். பிறகு துணிந்து போன் எடுத்தேன். தொண்டையைச் செருமினேன். சுகம் விசாரித்தேன். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கதைத்தேன். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லிவிட்டேன்! மனோ போனைப் பறித்தாள்.

"தம்பி, சித்தி கதைக்கிறன். சாப்பாட்டுக்கு வாங்கோ, அது வேற. எனக்குக் கீழ அறை வேணும். நீங்கள் கட்டி ஏதும் பிழைச்சால் நான் சண்டை பிடிப்பன். உங்களோட சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. அதாலை வீட்டை வேற ஆளிட்டைக் குடுக்கிறம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. ரவி நீளமாக ஒரு மூச்சு விட்டது கேட்டது.

"சித்தி... மெய்யாச் சொன்னால், நல்லதாப் போச்சு. சொந்தக்காரருக்குக் கட்டுறதெண்டால் ஒண்டுக்கும் ஏலாது எண்டு சொல்லேலாது. சாப்பிட இருக்கேக்கையும் போன் எடுப்பினம், கோயிலிலை நிக்கேக்கையும் எடுப்பினம். சித்தப்பா அவ்வளவு ஆசையாக் கேக்க, எனக்கு வேண்டாமெண்டு சொல்ல வாய் வரேல்லை."

பாருங்கள்! நான் அவருக்குப் பயந்து, அவர் எனக்குப் பயந்து, இரண்டு பேருமாகச் சேர்ந்து மனோவைக் காலம் முழுக்க சோபாவில் படுக்க வைத்திருப்போம்.

மனோ அதோடு விடவில்லை. "அப்பிடியே சுகந்தியின்ர பாத்ரூம் பைப்பையும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ தம்பி. அவ சொல்லமாட்டா, நான் சொல்லுறன்." ரவி போய்ப் பார்த்துத் திருத்தினார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடவும் வந்தார். இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அதன்பிறகு வந்தவர் மானுவல். போர்த்துக்கலில் இருந்து வந்தவர். எந்த ஊர் என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. மனோ பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். இந்த முறை மகள் சொன்னதெல்லாம் பார்த்தாயிற்று. கட்டிய வீடுகளில் இரண்டைப் போய்ப் பார்த்தோம். ஒரு வீட்டுக்காரி முக்கால் மணித்தியாலம் அவரைத் திட்டினாள். திட்டிவிட்டு, கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் வந்து திருத்தினார் என்றும் சொன்னாள்.

மானுவல் றோல்ஸைத் தொடவில்லை. மேசையில் தாளை விரித்தார். கீழே அறை வைக்க இடமில்லை, நடுவில் படி வருகிறது என்றார். படியை ஓரத்துக்குத் தள்ளு என்றாள் மனோ. முடியாது என்றார். ஏன் முடியாது? அவர் குரலை உயர்த்தினார். மனோ அதைவிட உயர்த்தினாள். கோபம் வந்தால்தான் அவளுக்கு ஆங்கிலம் சரளமாக வரும். நான் கிச்சினுக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பென்சில் கீறும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். படி ஓரத்துக்குப் போயிருந்தது. ஹோல் சுருங்கியிருந்தது. கீழே, பின்வளவைப் பார்த்தபடி ஒரு படுக்கை அறை, பக்கத்தில் பாத்ரூம். அடுத்ததாகக் கதவின் அகலத்துக்குச் சண்டை தொடங்கியிருந்தது.

அவர் போனதும் மனோ கிச்சினுக்குள் வந்தாள். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, கண்ணெல்லாம் சிரிப்பு. அப்படி அவளைக் கண்டு எவ்வளவு காலம்!

"இவர்தான்" என்றாள்.

சந்தோசம்தான். ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமை... இவ்வளவு காலமும் அந்தச் சண்டையெல்லாம் எனக்கு மட்டும்தானே கிடைத்துக்கொண்டிருந்தது!