தொடர்பு எல்லைக்கு வெளியே

சலவைக் கூடத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் சைலன்ட். ஹோட்டல் படுக்கை விரிப்புகள் மலைபோல் வந்து குவியும் அந்த இடத்தில், ஈர விரிப்பின் நுனி பிசகாமல் இஸ்திரி உருளைக்குள் செலுத்துவது அவள் வேலை. எதிர்ப்பக்கம் நின்று மடித்து வாங்குபவள் ரேடியோ. அவள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. சைலன்டின் பங்கையும் சேர்த்து அவளே பேசிவிடுகிறாள் என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

எட்டாவதோடு படிப்பு நின்றவள் சைலன்ட். கேட்டால் தனக்குத் தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடுமே என்று எதையும் யாரிடமும் கேட்க மாட்டாள். பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொள்வாள். கைபேசியைக் கற்றதும் அப்படித்தான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின் விரல் எங்கே போகிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பாள். மேலே படிக்கட்டு மாதிரி நாலு கோடு நின்றால் சிக்னல் நன்றாக இருக்கிறது. பிறைநிலா தெரிந்தால் அழைப்பு வந்தும் மணி அடிக்காது. விமானப் படம் வந்தால் போன் கையில் இருந்தும் இல்லாத கணக்கு. டேட்டா தீர்ந்தாலும் சாதாரண அழைப்பு வரும், வேலிடிட்டி தீர்ந்தால் அதுவும் நின்றுபோகும். இந்த வார்த்தைகளையெல்லாம் காலண்டர் தாளின் பின்புறம் எழுதி, அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் தச்சர். இடது கண் பிறவியிலேயே மங்கல். நல்லதாக இருந்த வலது கண்ணில் போன வருஷம் மரச்சிராய் தெறித்து, கருவிழி வெளுத்துப் போயிற்று. யாராவது தானம் கொடுத்த கருவிழி கிடைத்தால் மாற்றிவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிக்கொண்டார்கள். வீட்டிலிருந்த ஒரே போனை முதலில் அவரிடம்தான் விட்டுப் போனாள். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே விரல் தடுமாறி, வந்த அழைப்பை இரண்டு முறை அவரே வெட்டிவிட்டார். அதிலிருந்து போன் அவள் கூடவே போனது.

ஆஸ்பத்திரியின் கண் வங்கியில் இருந்த நர்ஸ் பெயர் எழுதிய அன்றைக்கே சொல்லியிருந்தாள். "மூணு தடவை அடிப்போம்மா. எடுக்கலைன்னா பட்டியல்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவோம். கண்ணு காத்துக்கிட்டு இருக்காது."

நாலு மாதம் ஒன்றும் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை மனசு கேட்காமல் பஸ் ஸ்டாப்பில் நின்றபடி அவளே ஆஸ்பத்திரிக்கு அடித்தாள்.

"நேத்து காலையில பதினோரு மணிக்கு அடிச்சோமே," என்றாள் நர்ஸ். "மூணு தடவையும் தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே வந்துச்சு. வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டாங்க."

நேற்று சாப்பாட்டு நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து தவறிய அழைப்பு என்று குறுஞ்செய்தி வந்திருந்தது. விளம்பரக்காரர்கள் என்று தள்ளிவிட்டிருந்தாள். பேர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, இன்னொரு தடவை இப்படியானால் கீழே போய்விடும் என்றாள் நர்ஸ்.

அன்று மாலை நேரே ரீசார்ஜ் கடைக்குப் போனாள். கடைக்காரர் சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டார், வேலிடிட்டி பார்த்தார், தன் போனிலிருந்து அடித்தும் பார்த்தார். மணி கணீரென்று அடித்தது. "போன் கல்லு மாதிரி இருக்கும்மா. அணைச்சு வச்சிருந்தா ஸ்விட்ச் ஆஃப்னு வரும். எல்லைக்கு வெளியேன்னா டவர் கிடைக்கலைன்னு அர்த்தம். நீங்க எங்க இருந்தீங்க?" என்றார். வேலையில்தான் இருந்தேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கூடத்தில் டவர் இருப்பது அவளுக்குத் தெரியும். போய் நுழையும்போது இரண்டு கோடாவது நிற்கும்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்து ஏதாவது சொன்னார்களா என்று அவர் வழக்கம்போல் கேட்டார். இல்லை என்றாள். அந்த ஒரு சொல் இரவு முழுக்க நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

மறுநாள் வேலையில் அவள் கை உருளையிலும் கண் போன் டப்பாவிலும் இருந்தன. போன வருஷம் ஒருத்தியின் போன் நீராவி பட்டுச் செத்ததிலிருந்து, காலையில் எல்லாப் போனையும் பெரிய தகர பிஸ்கட் டப்பாவில் போட்டு அழுத்தி மூடிவிடுவது அங்கே வழக்கம். பகல் ஒரு மணிக்குத்தான் மூடி திறக்கும். அன்று திறந்ததும் பதினொரு போனும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிணிங் கிணிங் என்றன. தினமும் கேட்கிற சத்தம்தான். மூடி திறக்கும்வரை ஒரு போனும் வாய் திறக்காதது ஏன் என்று அன்றுதான் அவளுக்கு உறைத்தது.

சூப்பர்வைசர் அம்மாவின் மேஜை முன் போய் நின்றாள். டப்பாவில் தன் போனைப் போடமாட்டேன் என்று ஒருவழியாகச் சொன்னாள்.

"ஆளுக்கொரு சட்டம் போட முடியுமா? இன்னைக்கு நீ, நாளைக்கு எல்லாரும் மடியில வச்சுக்குவாங்க."

"ஒரு தடவை என் போனை டப்பாவில போட்டு மூடிட்டு ஆபீஸ் போன்ல இருந்து அடிச்சுப் பாருங்கம்மா."

சூப்பர்வைசர் சலித்துக்கொண்டே அடித்தாள். ஒலிபெருக்கியில் அந்தப் பெண் குரல் நிதானமாகச் சொன்னது: நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார். போன் ஆறடி தூரத்தில், டவர் எட்டாத தகரத்துக்குள் இருந்தது.

"அடிப்பாவி," என்றாள் ரேடியோ. "எம் மாமியார் ஒரு வருஷமா போனே பண்றதில்லைன்னு நிம்மதியா இருந்தேனே."

இரண்டு பேர் சிரித்தார்கள். பள்ளியில் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவளுக்கு மட்டும் முகம் மாறிவிட்டது. அன்றே தகர டப்பா போய் பிளாஸ்டிக் டப்பா வந்தது. அதை நீராவி எட்டாத ஜன்னல் மேடையில் வைத்தார்கள்.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் உள்ளதைச் சொன்னாள். "நேத்தே சொல்லியிருக்கலாம்ல. நீ தூங்காததைப் பார்க்கத்தான் எனக்குக் கண்ணு இல்ல, காது இருக்கு," என்றார்.

அடுத்த மூன்று வாரம் அவள் பட்டது கொஞ்சமல்ல. கடன் வேண்டுமா என்று கேட்டவன், மனை விற்பவன், தப்பான நம்பர் என்று எல்லோரும் அடித்தார்கள். ஒன்றையும் விடாமல் எடுத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பாதி விரிப்பு உருளைக்குள் போயிருக்கும்போது மணி அடித்தது. விரிப்பை விட்டுவிட்டு ஓடினாள். பின்னால் துணி கோணி மாட்டியது, ரேடியோ இயந்திரத்தை நிறுத்தினாள். திரையில் நம்பர் மட்டும் இருந்தது, பெயர் இல்லை. ஈர விரலுக்குத் திரை வழுக்கியது. முந்தானையில் துடைத்து மறுபடி தேய்த்தாள்.

"கண் வங்கியில இருந்து பேசறோம். எத்தனை மணிக்குள்ள அவரைக் கூட்டிட்டு வர முடியும்?"

"இப்பவே கிளம்பறேங்க," என்றாள். செருப்பு எங்கே என்று தேடக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.